ஆடும் கைக்கும் இறுகும் கைக்கும் ஒரே பேனா கிடையாது: கல்லூரிப் பிள்ளைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

கை நடுக்கமோ, தசை தானாக இறுகித் திருகும் டிஸ்டோனியாவோ உள்ள பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை எப்படியோ சமாளித்துவிடும். ஆசிரியருக்கு முகம் தெரியும், கையெழுத்து பழகியிருக்கும், வீட்டில் யாராவது நோட்டை எழுதிக் கொடுத்திருப்பார்கள். கல்லூரியில் அதெல்லாம் முதல் மாதத்திலேயே நின்றுவிடும். மூன்று மணி நேர செமஸ்டர் தேர்வு, வாரம் தவறாத ரெக்கார்டு நோட்டு, பொறியியல் என்றால் டிராயிங் ஷீட் என எல்லாம் சேர்ந்து வரும். அப்போதுதான் பெற்றோர் இணையக் கடைகளில் இறங்கி, பேனா கிரிப், கனமான பேனா, மணிக்கட்டுப் பட்டை, நடுக்கத்தை அடக்கும் கரண்டி என்று வாங்கிக் குவிக்கிறார்கள். பாதி மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பேனாவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் செலவு வேண்டாம். செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், மவுஸுக்குப் பதிலாகப் பந்தை உருட்டும் நல்ல டிராக்பால் ஒன்று வாங்குங்கள். மற்ற பெரும்பாலான உதவி மடிக்கணினிக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தரும் ஆளும் கேட்பதற்கான சான்றிதழ் வேலையைக் கல்லூரி திறந்த மாதத்திலேயே தொடங்குங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு எந்தக் கருவியும் காப்பாற்றாது.

வாங்கும் முன்

ஒரு வெள்ளைத் தாளில், கையை மேசையில் ஊன்றாமல், உள்ளிருந்து வெளியே விரியும் சுருள்கோடு ஒன்று வரையச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவர்களும் இதைச் செய்யச் சொல்வதுண்டு. கோடு முழுக்க ஒரே சீராக அலையலையாக வந்தால் அது நடுக்கம். பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல் சில வரி நன்றாக வந்து, போகப்போகப் பேனா தாளைக் குத்தினால், ஆள்காட்டி விரல் தானாக மடங்கினாலோ பேனாவை விட்டு எழும்பினாலோ, மணிக்கட்டு திருகினால், அது டிஸ்டோனியா வகை. எழுதும்போது மட்டும் வருவதை எழுத்தாளர் பிடிப்பு என்பார்கள். மூளை முடக்குவாதத்தோடு வரும் நெளிவும் உதறலும் மூன்றாவது வகை. அதில் தோளிலிருந்தே கை போகும். இரண்டு வகை கலந்தும் வரும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் பாடு. பொருள் வாங்க இந்த அளவு தெரிந்தால் போதும், ஏனென்றால் ஒரு வகைக்கு உதவுவது இன்னொரு வகையைக் கெடுக்கும்.

பேனா, கிரிப், கனம்

கனமான பேனா எல்லா விளம்பரத்திலும் முதலில் வரும். நடுக்கம் உள்ள சிலருக்குக் கூடுதல் எடை அலையைக் குறைக்கும், எல்லோருக்கும் அல்ல. இறுகும் கைக்கு அது தண்டனை: ஏற்கெனவே தேவைக்கு மேல் வேலை செய்யும் தசைக்கு இன்னும் சுமை கொடுக்கிறீர்கள், அரை மணி நேரத்தில் முன்கை வலிக்கும். வாங்கும் முன் சோதிக்க எளிய வழி உண்டு. ஹார்டுவேர் கடையில் பேனா நுழையும் அளவு இரும்பு நட்டுகள் நாலைந்து வாங்கி, பேனாவின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து டேப் ஒட்டுங்கள். மளிகைக் கடைத் தராசில் எடை பார்த்துக்கொள்ளலாம். எத்தனை நட்டில் எழுத்து தெளிகிறது, எத்தனையில் கை சோர்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். தெளியவே இல்லை என்றால் ஆயிரக்கணக்கில் விற்கும் கனப் பேனாவும் தெளிய வைக்காது.

பருமனான பிடி இரு வகைக்கும் நல்லது. விரல்கள் விரிந்து பிடித்தால் கிள்ளும் அழுத்தம் குறைகிறது. இதற்கு ரப்பர் கிரிப் வாங்க வேண்டாம். சிறு பிள்ளைகளின் கைக்குச் செய்த முக்கோணக் கிரிப்புகள் கல்லூரிப் பிள்ளையின் விரலுக்குச் சிறியவை. ஏசி செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் குழாய் ஏசி உதிரிபாகக் கடையில் அடிக்கணக்கில் கிடைக்கும். 3/8 அங்குல உள்துளை உள்ளதைக் கேளுங்கள், பேனாவில் இறுக்கமாக உட்காருகிறதா என்று செருகிப் பாருங்கள். மூன்றரை அங்குலத் துண்டு வெட்டி, முனையிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுச் செருகினால் போதும். வியர்வை ஏறினால் வழுக்கும். ஓரடி வாங்கினால் மூன்று துண்டு வரும், மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பேனா என்பது கிரிப்பை விட முக்கியம். சாதாரண பால்பாயின்டுக்குப் பசை மை. அழுத்தினால்தான் எழுதும், நிமிர்த்திப் பிடித்தாக வேண்டும். அழுத்தம்தான் இங்கே எதிரி. திரவ மை ரோலர் பேனா தொட்டாலே எழுதும். பைலட் வி5 எல்லாப் பேனாக் கடையிலும் இருக்கும், ஆனால் 0.5 முனை, கை வெட்டினால் தாளைக் கீறும். அதே வரிசையில் 0.7 முனை உள்ள வி7 இந்தக் கைகளுக்கு மேல். குறை ஒன்று: மெல்லிய விடைத்தாளில் மை பின்பக்கம் தெரியும். கல்லூரி விடைத்தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜெல் பேனா நடுவில் நிற்கிறது, இடக்கைக்காரர்கள் அதை ஈரத்தோடு தேய்த்துவிடுவார்கள்.

பிடிப்பையும் மாற்றிப் பார்க்கலாம். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைத்துப் பிடித்தால் கட்டைவிரலின் வேலை குறைகிறது. எழுத்தாளர் பிடிப்பு உள்ள சிலருக்கு இது உடனே தெரியும் மாற்றம். இன்னும் சிலருக்கு மறு கையால் எழுதும் மணிக்கட்டை லேசாகத் தொட்டாலே இறுக்கம் தளரும். டிஸ்டோனியாவில் இந்தத் தொடு தந்திரம் மருத்துவம் அறிந்த விஷயம்தான். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் விசித்திரமாகப் பார்த்தாலும் அதைத் தடுக்கக் காரணமில்லை.

மருந்துக் கடையில் தொங்கும் உலோகத் தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை வேண்டாம். அது மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கானது. டிஸ்டோனியாவில் ஒரு மூட்டைக் கட்டினால் இறுக்கம் அடுத்த மூட்டுக்குப் போகலாம். பட்டை தேவையா என்பதைத் தொழில்சார் சிகிச்சையாளர் கையைப் பார்த்துச் சொல்லட்டும்.

மின்னணுக் கரண்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது மிதமான நடுக்கத்துக்கு மட்டும். நம் மெஸ்ஸில் சோற்றைக் கையால் பிசைந்து உண்பதே கரண்டியை விடச் சுலபம், நீளமான எந்தக் கருவியும் நடுக்கத்தைப் பெரிதாக்கும். விளிம்பு உயர்ந்த தட்டு, அதன் அடியில் இழுப்பறைக்குப் போடும் வழுக்காத ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு, மூடியும் உறிஞ்சு குழாயும் உள்ள டம்ளர், அவ்வளவுதான். அதே ரப்பர் விரிப்பில் இன்னொரு துண்டைப் பரீட்சை அட்டைக்கு அடியில் வைத்தால் விடைத்தாள் நகராது.

டிராக்பால்: காசு போடத் தகுந்த பொருள்

மவுஸை நகர்த்தக் கை முழுவதும் ஆட வேண்டும். டிராக்பாலில் கை மேசையில் கிடக்கும், பந்து மட்டும் உருளும். எந்த மாடல் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லாஜிடெக் எர்கோ எம்575 விலை குறைவு, எளிதில் கிடைக்கும், ஆனால் அது கட்டைவிரலால் உருட்டுவது, வலக்கைக்கு மட்டுமே. கட்டைவிரல் இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது வீண். கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மவுஸ் விலை கூட, மேசையில் இடமும் அதிகம் கேட்கும். ஆனால் 55 மில்லிமீட்டர் பந்து, எந்தக் கைக்கும் பொருந்தும், மூன்று விரலாலோ உள்ளங்கையாலோ உருட்டலாம். தோளிலிருந்து கை உதறும் வகைக்கு இதைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

வாங்கியதும் மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். சுட்டியின் வேகத்தை அரைவாசிக்கும் கீழே குறையுங்கள். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போய் "என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்" டிக்கை எடுங்கள். இருந்தால் திடீர் உதறலில் சுட்டி திரையின் மறுகோடிக்கு ஓடும். அதே இடத்தில் "க்ளிக்லாக்" என்று ஒன்று உண்டு, அதைப் போடுங்கள். பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி விட்டால் பிடித்தபடியே நிற்கும், பிறகு இழுத்துக் கொண்டுபோய் இன்னொரு க்ளிக்கில் விடலாம். எக்ஸெல்லிலும் ஆட்டோகேடிலும் இது இல்லாமல் இழுக்கும் வேலை நரகம்.

நடுக்கத்தை வடிகட்ட ஸ்டெடிமவுஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. நடுக்கத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கல்லூரி ஆய்வகக் கணினியில் மென்பொருள் நிறுவ மாணவருக்கு அனுமதி இருக்காது. யூஎஸ்பியில் செருகியதும் ஓடும் டிராக்பாலும், விண்டோஸுக்குள்ளேயே உள்ள அமைப்புகளும் எங்கு போனாலும் கூட வரும். அதனால்தான் கருவிக்கு முதலிடம் கொடுக்கிறோம்.

கீபோர்டும் தமிழும்

ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ், வலது ஷிஃப்டை எட்டு நொடி அழுத்தினால் ஃபில்டர் கீஸ். பெரும்பாலோர் இதைத் தெரியாமல் தட்டி, எரிச்சலோடு அணைத்திருப்பார்கள். ஸ்டிக்கி கீஸ் போட்டால் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம். ஃபில்டர் கீஸில் இரண்டு பகுதி உண்டு. பவுன்ஸ் கீஸ், ஒரே விசை உடனே மறுபடி விழுந்தால் அதைப் புறக்கணிக்கும், இது நடுக்கத்துக்கு. ஸ்லோ கீஸ், விசையைக் கொஞ்சம் பிடித்தால்தான் ஏற்கும்; இது தவறிப் படும் விரலுக்கு, அதாவது நெளிவு வகைக்கு.  ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் தட்டும் பிள்ளைக்கு இங்கே ஒரு சிக்கல் வரும், அதை எந்த ஆங்கில வழிகாட்டியும் சொல்லாது. தமிழ்99 விசைப்பலகையில் க்க, த்த, ப்ப எல்லாம் ஒரே விசையை இரண்டு முறை தட்டி வருபவை, முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். பவுன்ஸ் கீஸ் அந்த இரண்டாவது தட்டலை விழுங்கிவிடும். "பக்கம்" என்று தட்டினால் "பகம்" வரும். பிள்ளை தன் கைதான் தவறு செய்கிறது என்று நினைத்துக்கொள்ளும். நேரத்தை அரை நொடிக்கு வைத்து, இரட்டை எழுத்தில் ஒரு மூச்சு நிறுத்தித் தட்டப் பழக்கலாம். இல்லையென்றால் தமிழ் எழுதும்போது பவுன்ஸை அணைத்து வையுங்கள்.

இந்தக் குறையை மீறியும் தமிழ்99தான் இந்தக் கைகளுக்கு ஏற்றது. கிரந்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டால் ஷிஃப்ட் தேவையே இல்லை, ங்க, ந்த, ம்ப போன்றவற்றுக்கும் புள்ளி தானாக விழுவதால் தட்டல் எண்ணிக்கை குறையும். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். வலக்கை மோசமாக உள்ள பிள்ளைக்கு இது பாதகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் குரல் தட்டச்சு மேல்.

கூகுள் டாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் தட்டினால் குரல் தட்டச்சு திறக்கும். குரோம் உலாவியில் ஓடும், தமிழும் உண்டு. கைபேசியில் ஜிபோர்டு அதே வேலையைச் செய்யும். கட்டுரை, குறிப்பு, மின்னஞ்சலுக்கு இதை விட நல்ல கருவி இல்லை. உதைக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நம் பிள்ளைகள் பேசும் தமிழும் ஆங்கிலமும் கலந்த மொழி: தமிழ் என்று வைத்தால் கலைச்சொல் குழறும், ஆங்கிலம் என்று வைத்தால் தமிழ் குழறும். ஒரு பத்தியை ஒரே மொழியில் சொல்லப் பழக வேண்டும். இரண்டு, விடுதி அறையின் சீலிங் ஃபேன். வாய்க்கு அருகில் மைக் நிற்கும் ஹெட்செட் இல்லாமல் பயனில்லை. மூன்று, நாக்கும் தொண்டையும் இறுகும் பிள்ளையின் பேச்சை அது புரிந்துகொள்ளாது. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். கணிதத்துக்குக் குரல் ஒத்துவராது. வேர்டில் ஆல்ட்டும் சமக்குறியும் தட்டி சமன்பாட்டுப் பெட்டியைத் திறக்கப் பழகட்டும்.

கைபேசித் திரையில் ஒரு தொடல் இரண்டாகப் பதிந்தால் பேனாவைப் போல அதற்கும் பாகம் வாங்கத் தேவையில்லை. சாம்சங்கில் அணுகல்வசதி அமைப்பில் தொடல் நேரம், மீள்தொடலைப் புறக்கணிப்பது இரண்டும் இருக்கின்றன. ஐபோனில் டச் அக்காமடேஷன்ஸ்.

சொல்வதை எழுதுபவர்

இது சேவை, பொருளல்ல. நன்றாக அமைந்தால் மேலே சொன்ன அனைத்தையும் விட மதிப்பெண்ணைக் காப்பது இதுதான். மோசமாக அமைந்தால் பிள்ளைக்குத் தெரிந்த பதிலும் தாளில் ஏறாது.

முதலில் கூடுதல் நேரம். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரச் சொன்னது, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூட. இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதல் எது என்று பார்த்து அதையே விண்ணப்பத்தோடு இணையுங்கள். நடுக்கத்தால் மெதுவாக எழுதும் பிள்ளைக்கு அந்த நேரம் உண்மையில் உதவும். டிஸ்டோனியாவுக்குக் கூடுதல் நேரம் மட்டும் கொடுப்பது ஏறக்குறைய பயனற்றது. இரண்டாம் மணியில் பூட்டிக்கொண்ட கைக்கு நான்காம் மணி எதற்கு? எழுதுபவரையோ கணினியையோ கேளுங்கள், இடைவேளையையும் எழுத்தில் கேளுங்கள்.

"உங்கள் பிள்ளைக்கு 40 சதவீதம் இல்லையே" என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புவது வழக்கம். எழுத்தாளர் பிடிப்புக்கு மாற்றுத்திறன் சதவீதம் குறைவாகவே வரும். அந்தப் பதில் இப்போது செல்லாது. விகாஷ் குமார் எதிர் யூபிஎஸ்சி வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், எழுத்தாளர் பிடிப்பு உள்ள தேர்வர் 40 சதவீத வரம்புக்குக் கீழே இருந்தாலும் எழுதுபவரைப் பெறலாம் என்றது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. 2025 பிப்ரவரியில் கை டிஸ்டோனியா உள்ள இன்னொரு தேர்வர் தொடுத்த குல்ஷன் குமார் எதிர் ஐபிபிஎஸ் (வங்கித் தேர்வு அமைப்பு) வழக்கிலும் நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. இரண்டு தீர்ப்பின் முதல் பக்கத்தையும் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கான மனுவோடு வையுங்கள். குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 32-ஆம் பிரிவு தரும் 5 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் கட்டாயம் வேண்டும்.

யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதோடு, "எழுதுவதில் உடல்ரீதியான வரம்பு உள்ளது, எழுதுபவர் அவசியம்" என்ற வாசகம் உள்ள தனிச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் நோயும் சதவீதமும் இருக்கும், எழுத முடியாது என்பது இருக்காது. விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

நாமே அழைத்துவரும் எழுதுபவர் தேர்வரை விட ஒரு படி குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று 2018 விதி சொன்னது, இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் படிவம் மாறும். எழுதுபவருக்குப் பாடம் தெரியாதென்பதால் கலைச்சொற்கள் சிதையும். பாடத்துக்கு ஐம்பது அறுபது சொற்களை முன்கூட்டியே தந்து எழுதிப் பார்க்கச் செய்யுங்கள், தேர்வுக்கு முன் இரண்டு முழு மாதிரித் தாளாவது சேர்ந்து எழுதட்டும். படம் சொல்வதுதான் கடினம். "பக்கத்தின் நடுவில் வட்டம், அதன் மூன்று மணித் திசையில் அம்பு" என்று கடிகார முகத்தை வைத்துச் சொல்லப் பழகிய மாணவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். பேசி எழுதுவதால் தனி அறை வேண்டும். எழுதுபவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார் என்பதும் மனுவிலேயே இருக்கட்டும். பெற்றோர் துறைத் தலைவருக்குப் போன் போட்டுப் பேசுவதை விட, பதினெட்டு நிறைந்த பிள்ளை தன் கையெழுத்தில், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், கையொப்பமிட்ட மனு வேகமாக நகரும். அந்தக் கையொப்பமே பாதி ஆதாரம்.

மருந்து அட்டவணையும் தேர்வு அட்டவணையும்

இறுகும் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடும் பிள்ளைக்கு, பலன் சில நாளில் தொடங்கி சில வாரத்தில் உச்சத்துக்கு வந்து, சுமார் மூன்று மாதத்தில் தேயும். முதல் வாரங்களில் விரல் பலவீனம் வரலாம். தேர்வுக்கு முந்தின வாரம் போட்டால் பேனா நழுவும். நவம்பர்த் தேர்வுக்கு அக்டோபர் தொடக்கம், ஏப்ரல் தேர்வுக்கு மார்ச் தொடக்கம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே தேதி பேசுங்கள். டிஸ்டோனியாவுக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்கும், வாய் உலரும், மறதியும் வரலாம், வியர்வையும் குறையும். மே மாத வெயிலில் ஃபேன் சுற்றாத அறையில் உட்காரவைக்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதி கேளுங்கள். தசையைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையைத் தேர்வு நேரத் தூக்கக் கலக்கத்துக்குப் பயந்து பிள்ளை திடீரென நிறுத்திவிடாமல் பார்க்க வேண்டும்.

பர்ஸில் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: நோயின் பெயர், மருந்துகள், அதோடு "மெட்டோக்ளோபிரமைட், புரோக்குளோர்பெரசின் தர வேண்டாம்" என்று மருத்துவர் எழுதிக் கையொப்பமிட்ட வரி. விடுதியில் வாந்தி என்று மருத்துவரிடம் போனால் போடும் ஊசி இவற்றில் ஒன்றாக இருக்கலாம், இவை டிஸ்டோனியாவைத் திடீரென மோசமாக்கக்கூடியவை.

டிராக்பால் வாங்குவோருக்கு இன்னொரு குறிப்பு. பந்தைத் தாங்கும் மூன்று சிறு மணிகளில் அழுக்குத் திரண்டால் சுட்டி தத்தும், பிள்ளை தன் கையையே சந்தேகிக்கும். மாதம் ஒரு முறை பந்தை எடுத்து மணிகளை நகத்தால் சுரண்டித் துணியால் துடைக்க வேண்டும். எம்575-இல் அடியிலுள்ள துளையில் பென்சிலால் தள்ளினால் பந்து வெளிவரும். எக்ஸ்பர்ட் மவுஸில் பந்து சும்மா உட்கார்ந்திருக்கிறது, கவிழ்த்தால் உருண்டு ஓடும், எனவே ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும்போது பந்தைத் தனியாக ஒரு சாக்ஸில் போட்டுக் கொடுங்கள்.